ஒலேக்குக்குப் போர்த்திய பொன்னாடை

தில்லையம்பலத்தார் பிறவியிலேயே பொறாமைக்காரர் அல்லர். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கினால் போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, டயரைக் காலால் தட்டி, "நல்ல சாமான்" என்று மனதாரச் சொல்லிவிட்டு வருவார். மைத்துனர் லண்டன் குட்மேய்ஸில் இரண்டாவது கடை திறந்தபோது வாசலில் தேங்காய் உடைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு 2014ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு முழுத் தேசத்தின் மேலேயே வயிறு எரியத் தொடங்கியது.

அந்தத் தேசம் உக்ரைன். கீவ் நகரத்துச் சதுக்கத்தில் கூடாரம் அடித்து, டயர் எரித்து, பனியில் விறைத்து, துப்பாக்கிச் சூடுபட்டும் கலையாமல் நின்ற சனம், ஒரு குளிர்காலம் முடிவதற்குள் தங்கள் ஜனாதிபதியை நாட்டை விட்டே ஓட வைத்துவிட்டது. தொலைக்காட்சிக்கு முன்னால் புட்டுத் தட்டோடு இருந்த தில்லையம்பலத்தார் எழும்பி நின்றுவிட்டார்.

"பாத்தியே, ஓடிட்டான்!"

"ஆரப்பா?" என்றாள் மனைவி வசந்தமலர், குசினிக்குள் இருந்து.

"அவங்கட ஜனாதிபதி."

"அவன் ஓடினதுக்கு நீங்கள் ஏன் புட்டை நிலத்தில கொட்டுறியள்? இருந்து சாப்பிடுங்கோ."

அவர் இருந்தார், சாப்பிடவில்லை. அவரும் ஒரு சதுக்கத்தில் நின்றவர்தான். 2009 வசந்தகாலம் முழுக்க, வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு எதிரே, கொடியும் பதாகையும் பிடித்து, தொண்டை கட்டும்வரை கத்தியவர். அவர்கள் டயர் எரிக்கவில்லை. பொலிஸ்காரர் தள்ளி நில்லுங்கள் என்றால் தள்ளி நின்றார்கள். சில நாட்களில், போகும்போது குப்பையைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். வைகாசியில் வன்னியிலிருந்த தங்கையிடமிருந்து வரும் சேதி நின்றது. பிறகு சதுக்கத்தில் நிற்பதற்குக் காரணமும் இல்லாமல் போனது.

அந்த நாட்களில் அவருடைய வேலை பறிபோகாமல் காப்பாற்றியவள் ரைசா. டகனத்தில் ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்டில், பெல்ட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று பாணுக்கு முட்டையும் மயோனைசும் பூசுகிறவர்கள் இருவரும். ரைசா உக்ரைனின் ஒடேசாவில் பிறந்த யூதப் பெண்; கணவனை இழந்தவள். அவர் சதுக்கத்துக்குப் போன நாட்களில் தன் ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து அவருடைய ஷிப்டையும் அவளே செய்தாள். "நீ உன் ஆட்களுக்காக நில். முட்டை எங்கேயும் ஓடாது," என்று தொழிற்சாலை ஆங்கிலத்தில் சொன்னாள். கைம்மாறாக அவர் கொண்டுபோன பயத்தம்பணியாரத்தை உண்டு பார்த்து, "இது பல்லுக்கு எதிரான ஆயுதம்," என்று சிரித்தாள். லண்டனில் தமிழர் அல்லாத ஒரே சிநேகிதம் அவருக்கு அவள்தான்.

அதே பெல்ட்டில், அவருக்குப் பக்கத்தில் நிற்பவன் ஒலேக். மேற்கு உக்ரைனில் லிவீவ் பக்கத்துப் பெடியன், நல்ல வேலைக்காரன். கீவில் புது அரசாங்கம் அமைந்து சில நாட்களில் அவன் ஒரு பெரிய கேக்கோடு வேலைக்கு வந்தான். புது அரசாங்கத்தில் தீவிர வலதுசாரிக் கட்சி ஒன்றுக்கும் சில அமைச்சுகள் கிடைத்திருந்தன. அந்தக் கட்சியில் நெடுங்காலம் கொடி பிடித்த அவனுடைய தாய்மாமன், பல் வைத்தியர், ஒரு அமைச்சில் துணைப் பதவிக்கு வந்துவிட்டார்.

"போன வருஷம் வரைக்கும் ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது, தில்லை. இப்போது பார்!"

ஒலேக் நீட்டிய தொலைபேசிக்குள் தடித்த மனிதர் ஒருவர் டையை இறுக்கிக்கொண்டு, அரச இலச்சினைக்குக் கீழே, பெரிய தோல் கதிரையில் இருந்தார். தில்லையம்பலத்தார் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவில்லை, கதிரையைத்தான் பார்த்தார். அதன் பிடியையும் முதுகையும் பார்த்தார். அந்தக் கட்சி என்ன சொல்லும் கட்சி என்று அவர் கேட்கவில்லை. வென்ற கட்சி என்பதே போதுமாக இருந்தது.

பொறாமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று தூர விலகிப் போகச் சொல்லும். மற்றது கிட்டப் போய் ஒட்டிக்கொண்டு நில் என்று சொல்லும். அவரைப் பிடித்தது இரண்டாவது. வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தார். லண்டனில் பழைய மாணவர் சங்கத்திலோ கோயில் சபையிலோ இருக்கும் எந்த யாழ்ப்பாணத்து வீட்டிலும் போல, அங்கேயும் மடிப்புக் குலையாத பொன்னாடைகள் அடுக்கி இருந்தன. ஒருவர் போர்த்தியதை இன்னொருவருக்குப் போர்த்தி, அது ஊரைச் சுற்றித் திரும்பி வருவது வழக்கம். சரிகை மங்காத ஒன்றை உருவினார்.

"ஆருக்கு?" என்றாள் வசந்தமலர்.

"ஒலேக்குக்கு. மாமன் அமைச்சில பதவிக்கு வந்திட்டார். வெண்ட ஆக்களுக்கு மரியாதை செய்யிறது எங்கட பழக்கம்."

"நல்ல கதை. தோத்த ஆக்களுக்குத்தானே நாங்கள் இவ்வளவு காலமும் போர்த்தினனாங்கள்."

அவர் பொன்னாடையைப் பையில் வைத்தார்.

அடுத்த நாள் தேநீர் இடைவேளையில், கன்ரீன் நிறைய ஆட்கள் பார்க்க, அவர் ஒலேக்கின் தோளில் பொன்னாடையைப் போர்த்திக் கைகூப்பினார். தலையில் வலைத்தொப்பியும் தோளில் சரிகையுமாக ஒலேக் கல்யாண மாப்பிள்ளைபோல வெட்கப்பட்டான். போலந்துப் பெண்கள் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் படம் எடுத்து அன்றே அறிவித்தல் பலகையில் குத்திவிட்டார். கைதட்டல் ஓயும்போது தில்லையம்பலத்தார் ரைசாவைத் தேடினார். அவளுடைய கோப்பை ஆவி பறக்க மேசையில் இருந்தது. அவளைக் காணவில்லை.

கை கழுவும் தொட்டியடியில் பிடித்தார்.

"ரைசா, தேத்தண்ணி குடிக்கேல்லையே?"

"அந்த மாமன் யார் என்று உனக்குத் தெரியுமா?"

"பல் வைத்தியர்."

"அவருடைய கட்சி யாருக்கு மாலை போடுகிறது என்று தெரியுமா? இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஜெர்மன்காரரோடு சேர்ந்து, மேற்கு உக்ரைனில் இருந்த என் பாட்டனுடைய குடும்பத்தைக் குழிக்குக் கூட்டிப் போனார்களே, அவர்களுடைய தலைவர்களுக்கு."

தில்லையம்பலத்தார் தண்ணீர்க் குழாயைத் திருகினார். தண்ணீர் கொதித்தது. வாயில் வந்தது வேறு.

"உங்கட சனமாவது வெண்டது. வெண்டுபோட்டும் குறை சொல்லுறியள்."

"என் சனமா? என் தம்பி மகனும் அந்தச் சதுக்கத்தில்தான் நின்றான், தில்லை. அந்தக் கள்ள ஜனாதிபதி ஓடியதில் எனக்கும் சந்தோஷம். அதற்காக இந்த ஆள் கதிரையில் இருப்பதையும் நான் கொண்டாட வேண்டுமா? உன் நாட்டில் இப்படி ஒருவனுக்கு யாராவது உன் கண்முன்னால் மாலை போட்டிருந்தால்?"

போட்டார்கள். 83 கலவர நேரம் அவர் குருநாகலில் வங்கி எழுதுவினைஞர். அவர் தங்கியிருந்த அறையைக் கூட்டத்துக்குக் கைகாட்டிவிட்டவனுக்குப் பிறகு நகரசபையில் பதவி கிடைத்தது. அவனுக்கு மாலை போட்டவர் அவருடைய மனேஜர், தினமும் அவரோடு சோற்றுப் பொதியைப் பகிர்ந்து உண்ட நல்ல மனிதர். அதை ரைசாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் மனேஜரின் இடத்தில் இப்போது யார் நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அடுத்த கிழமை ரைசா காலை ஷிப்டுக்கு மாறிவிட்டாள். பெல்ட்டின் எதிர்ப்பக்கத்தில் ஒரு புதுப் பெண் நின்று, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் முட்டை பூசினாள். தில்லையம்பலத்தார் மேற்பார்வையாளரிடம் கேட்டுப் படத்தைக் கழற்றி ஒலேக்கிடம் கொடுத்தார்.

"ஏன், தில்லை?"

"உன்ர அம்மாவுக்கு அனுப்பு," என்றார்.

ஷிப்ட் மாறும்போது வாசலில் ரைசாவைக் காண்பார். அவர் உள்ளே போக, அவள் வெளியே போவாள். ஒரு நாள் மறித்து, "நான் எரிச்சலில செய்தது," என்றார். "தெரியும்," என்றாள் அவள், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. கோடை முழுக்க அவ்வளவுதான். வசந்தமலர் பயத்தம்பணியாரம் சுட்டால், அவருக்குத் தின்ன மனம் வராது.

ஐப்பசி முடிவில் ஒருநாள் அவள் வாசலில் போகாமல் நின்றாள். கையில் இரண்டு காகிதக் கோப்பை.

"தேர்தல் முடிந்தது. அந்தக் கட்சிக்குப் போதிய வாக்கு விழவில்லை. அமைச்செல்லாம் இனிப் போய்விடும். பல் வைத்தியர் பல்லுப் பிடுங்கப் போகிறார்."

"ஆர் கலைச்சது?"

"யாரும் கலைக்கவில்லை. சனம் வாக்குப் போடவில்லை, அவ்வளவுதான். தம்பி மகன் தொலைபேசியில் கத்துகிறான்."

தில்லையம்பலத்தார் கோப்பையை வாங்கினார். அவளுக்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, முயன்றும் பார்த்தார். ஆனால் மாசி மாதத்தில் ஜனாதிபதி ஓடியபோது எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது. அப்படிப்பட்ட ஒருவன் கதிரையில் ஏறி, அந்த வருஷம் முடியுமுன்னே, ஒரு பெட்டிக்குள் விழுந்த கடதாசியால் இறங்கிப் போகிறான். குருநாகல்காரன் சாகும்வரை இறங்கவில்லை.

"என்ன, முகம் இப்படி?" என்றாள் ரைசா.

"எனக்கு எரிச்சலா இருக்கு, ரைசா."

"இப்போது யார் மேல்? ஒலேக் மேலா?"

"இல்லை. உன்னில."

அவள் தேநீர் சிந்துமளவுக்கு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளுடைய பஸ் வந்தது. அவள் அதைப் போகவிட்டு, சுவரோரம் அவருக்கும் இடம் விட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"சரி, சொல்," என்றாள். "உன் நாட்டில் எந்த ஊரில், யாருக்கு மாலை போட்டார்கள்? அன்றைக்குத் தொட்டியடியில் நீ ஏதோ விழுங்கினாய்."

உள்ளே ஷிப்ட் மணி அடித்தது. தில்லையம்பலத்தார் போகவில்லை.