எதிர்ப்பக்கம் ஆள் இல்லாதபோது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நம்ப வைக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று டாக்டர்களிடம் சத்தியம் செய்தே வாய் வலித்துவிட்டது. ஆனால் நடந்தது இதுதான். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

நான் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஊரில் உள்ள ஹோட்டல் பெட்ஷீட்டெல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்த ஷீட்டை ரோலரில் விடுவது என் வேலை. ரோலர் என்றால் ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் இரும்பு உருளை. கொதித்துக்கொண்டே சுற்றும். ஈர ஷீட் இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி விறைப்பாக வெளியே வரும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். இடது மூலையை ஒருத்தி பிடிப்பாள், வலது மூலையை இன்னொருத்தி. நடுவில் ஆவி அடிக்கும், எதிரில் நிற்பவள் முகம் தெரியாது. அதனால் ஒருத்தி "ரெடியா?" என்று கேட்பாள். மற்றவள் "ரெடி" என்பாள். இரண்டு பேரும் ஒன்றாகக் கையை விடுவோம். பதில் வருவதற்குள் விட்டால் ஷீட் சுருட்டிக்கொள்ளும். விடாமல் பிடித்திருந்தால் கை போய்விடும்.

எனக்கு எதிரில் நிற்பது குட்டையக்கா. பெயர்தான் குட்டை, என்னைவிட ஒரு சாண் உயரம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

"எதிர்ல ஆள் இல்லாதப்ப மட்டும் 'ரெடியா'ன்னு கேட்டுடாதே."

"கேட்டா என்னக்கா ஆகும்?"

"கேக்காதேன்னா கேக்காதே."

புது ஆட்களைப் பயமுறுத்திப் பார்ப்பது எல்லா இடத்திலும் உண்டு. நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டே முக்கால். குட்டையக்கா லீவு. தலையணை உறைகளை மட்டும் தனியாக விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு ஆள் போதும். குவியலில் எப்படியோ ஒரு பெரிய ஷீட் கலந்து வந்துவிட்டது. எடுத்தேன், மூலையைப் பிடித்தேன். பழக்க தோஷம்... வாய் கேட்டுவிட்டது.

"ரெடியா?"

தரையில் கிடந்த எதிர் மூலை எழுந்தது. மெதுவாக. என் கை உயரத்துக்கு வந்து நின்றது. ஷீட் விறைத்தது, ஒரு சுருக்கம் இல்லை.

ஆவிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல்.

"ரெடி."

கையை விட்டேன். ஷீட் நேராக உள்ளே போனது. ஓடிப்போய் எதிர்ப்பக்கம் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அப்போதுதான் வலது கை விரல் நுனியில் சுரீர் என்றது.

அன்று விரல் நுனி. வார முடிவில் மணிக்கட்டு. அடுத்த மாதம் முழங்கை. கொதிக்கும் இரும்பில் கையை வைத்து, எடுக்கவிடாமல் யாரோ அழுத்துகிற மாதிரி எரிச்சல். தோலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சிவப்பில்லை, கொப்புளமில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். நரம்பு டாக்டர் கையெல்லாம் ஊசி குத்தி, கரண்ட் வைத்துப் பார்த்து, "எல்லாம் நார்மல்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினை அவர் கையிலேயே மாட்டியிருப்பேன். மூன்றாவது டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"எரியறது கை சார், வீடு இல்ல."

மனசுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நன்றாகத் தூக்கம் வந்தது. தூக்கத்திலும் எரிந்தது.

ஈரத்துணியைச் சுற்றினால் கொஞ்ச நேரம் அடங்கும். ஒருநாள் சுற்றிய துணியை அவிழ்த்துப் பார்த்தேன். சருகாய்க் காய்ந்திருந்தது. முறுக்கிப் பிழிந்து சுற்றிய துணி... அதில் ஒரு சுருக்கம் இல்லை. தொட்டால் சுட்டது. என் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இஸ்திரி போட்ட துணிய எதுக்கு எங்கிட்ட காட்டுற?" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒரே மகள். நாலு வயது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் தூக்காமல் எப்படி இருப்பது? ஒருநாள் தூக்கினேன். எரிச்சல் தோள்வரை பாய்ந்தது. கை தானாக விட்டுவிட்டது. பிள்ளை தரையில் விழுந்தாள், உதடு கிழிந்து ரத்தம்.

அவர் ஓடிவந்து அவளை வாரிக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"இனிமே நீ இவளைத் தூக்காதே."

பெற்றவளிடம் சொல்லும் வார்த்தையா அது? ஆனால் அவர் சொன்னது நியாயம். அதுதான் இன்னும் எரிந்தது. வேலையை விட்டேன். என்ன செய்தாவது இதைத் தீர்த்து, பிள்ளையை மறுபடி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

குட்டையக்காவிடம் போய் அழுதேன். நான் கேட்டதையும், பதில் வந்ததையும் அப்போதுதான் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

"உனக்கு முன்னாடி அந்த எடத்துல ஒருத்தர் நின்னாரு. கை எரியுது, கை எரியுதுன்னு பொலம்பிட்டே இருப்பாரு. ஒருநாள் ரோலர்ல கை போயிடுச்சு."

"செத்துட்டாரா?"

"சாகல. இருக்காரு."

வீட்டை விசாரித்துப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். வலது கை தோளோடு இல்லை. ஆள் நன்றாக இருந்தார், தூங்கி எழுந்த தெளிவு முகத்தில். என் ஈரத்துணியைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு.

"செவ்வாய்க்கிழமை. மத்தியானம். அப்பத்தானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன். ஒரு பொம்பளை குரல் 'ரெடியா'ன்னு கேட்டுச்சு. 'ரெடி'ன்னேன். அதோட எரிச்சல் நின்னுச்சு."

"கையே இல்லியே... எப்படி எரியும்?"

"ரோலர்ல கை மாட்டுச்சுன்னு சொல்லுவாங்க. மாட்டல. நானா வச்சேன். கை போனா எரிச்சலும் போகும்னு நெனச்சேன். கை போச்சு. எரிச்சல் அதே எடத்துலயே நின்னு ஒம்பது வருஷம் எரிஞ்சுது."

இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"திருப்பி வாங்கிக்குங்கண்ணே. எனக்குச் சின்னப் புள்ளை இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு" என்றார். "யாராவது கேப்பாங்க. பதில் சொல்லிடு."

கதவு மூடிக்கொண்டது.

வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதிரிக்கும் இந்த வலி வரக்கூடாது, யார் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் மகள் மேல் ஆணையிட்டேன்.

பத்து நாள் கழித்து முதல்முறை கேட்டது. அடுப்படியில் நின்றிருந்தேன். மதியம். எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, மெல்லிய குரல்.

"ரெடியா?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். என் இடத்தில் யாரோ புதுப் பெண் வந்திருக்கிறாள், எதிரில் ஆள் இல்லாமல் கேட்கிறாள் என்று புரிந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் எரிச்சல் கழுத்துக்கு வந்துவிட்டது.

அன்று காலை மகள் வந்து கையை நீட்டினாள். நான் பின்வாங்கினேன். அவள் கையை இறக்கிக்கொண்டாள். "வலிக்கும்ல" என்று அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

மதியம். இரண்டு நாற்பது.

தாடையில் ஏறியது.

கன்னம்...

கண்...

"ரெடியா?"

"ரெடி" என்றேன்.

நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்த மாதிரி... அவ்வளவுதான். கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதை மறைக்க மாட்டேன்.

பிறகுதான் அந்தப் பெண்ணின் நினைப்பு வந்தது. குட்டையக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, ரோலர்ல நிக்கிற புதுப் பொண்ணைப் போய்ப் பாருங்க. அவ கையை..."

"எந்தப் பொண்ணு?"

"என் எடத்துல புதுசா வந்தவ."

"யாரும் வரலியே. ரோலரைக் கழட்டித் தூக்கிட்டுப் போயி மூணு வாரம் ஆச்சு. அந்த எடமே காலியாக் கெடக்கு."

போனை வைத்தேனா, கீழே போட்டேனா, தெரியவில்லை.

உள் அறையில் சின்னதாக ஒரு சத்தம். யாரோ ஊதுகிற சத்தம்.

போய்ப் பார்த்தேன். கட்டில் விரிப்பை உருவித் தரையில் விரித்திருந்தாள் என் மகள். ஒரு மூலை அவள் இடது கையில். எதிர் மூலை சுவரோரம், கீழே. வலது கை விரல்களை வாய்க்கு நேராக வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னடா கண்ணு பண்றே?"

"அம்மா வேலை வெளையாட்டு. தெனமும் வெளையாடுவேன்."

"எப்படி?"

"நான் 'ரெடியா'ன்னு கேப்பேன். யாருமே சொல்ல மாட்டாங்க. இன்னைக்குத்தாம்மா சொன்னாங்க."

கையை என் பக்கம் நீட்டினாள். ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு விரலாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

தோலில் ஒன்றுமே இல்லை.