சிட்டத்துக்கு ஒரு சொதப்பல்

'சொட்... சொட்...' ராத்திரி பின்ரூமில் இப்படிச் சத்தம் கேட்டு பேய் என்று நினைப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நூலுக்குச் சாயம் போடுகிறவளுக்கு அது விற்க வேண்டிய கலர் தரையில் இறங்கும் சத்தம்.

வீட்டுக்குள்ளேயே தொழில் செய்யும் அம்மாக்களே, உங்களுக்குப் புரியும். குரோஷா பின்னுகிறவர்களுக்காகப் பருத்தி நூலை வளையமாகச் சுற்றிய கட்டுகளாக, சிட்டம் சிட்டமாகச் சாயத்தில் நனைத்து விற்கிறேன். கூடவே, நடக்கப் பழகிய மகள். கையில் கிடைப்பதெல்லாம் அவளுக்கு வாய்க்குத்தான். "புள்ள வாயில என்னிக்குக் கலரப் பாக்குறனோ, அன்னிக்கே அத்தன வாளியும் தெருவுல!" இது மாமியார் போட்ட சட்டம். அந்தப் பயத்தோடுதான் தினமும் கலக்குகிறேன்.

ரோஸ் ஓடிப்போன கதை

பக்கத்து வீட்டுக் கலா அக்கா செராமிக் யூனிட்டில் பொம்மைக்குக் கலர் அடிக்கிறவர். ஒரு நாள் உதவிக்கு வந்தார். நான் ரோஸும் ஆரஞ்சும் கலந்து வைத்திருந்ததைப் பார்த்து, "ரொம்பத் தூக்கலா இருக்குதுடி" என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். நூல் காய்ந்ததும் பார்த்தால் பால்கோவா நிறம்! அக்கா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எங்க பொம்மை சூளையில வெந்தா கலரு ஏறும். உன் நூலு காஞ்சா ஓடியில்ல போவுது!"

துபாயில் பச்சை

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அக்கா நூல் வாங்க வந்தார். நீலத்தில் துளி மஞ்சள் விட்டு நான் பிடித்த மயில்கழுத்துக் கலர் அவருக்குப் பிடித்துப்போனது. துபாயில் இருக்கும் கணவருக்கு வீடியோ கால் போட்டார். அவர் பச்சை என்கிறார், இவர் நீலம் என்கிறார். நான் சிட்டத்தை வெளிச்சத்தில் காட்ட ஜன்னலுக்கும் வாசலுக்கும் ஓடினேன். துபாயில் பச்சை மாறவே இல்லை. அக்கா போனை வைத்தார்.

"அவரு லீவுல வர ரெண்டு வருசமாவும். அதுக்குள்ள வெளுத்து அவரு சொன்ன கலருக்கே வந்துடும், பையில போடுங்க!"

ஊதா வாய்

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். வாளிக்கு அது தெரியவில்லை. ஐந்தாறு தடவை சேறுதான் வந்தது. ஒருவழியாக ஊதா வந்த சந்தோஷத்தில் திரும்பினால், வாசற்படியில் மகள். நாக்கு, உதடு, மோவாய் எல்லாம் அதே ஊதா!

அவளை அள்ளித் தூக்கினேன். ஆட்டோ பிடித்து எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் மாமியார் ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனியாகச் சாபம் விட்டார். மாமனார் மட்டும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்து, முகர்ந்து, "நாவப்பழம் யாரு குடுத்தது?" என்றார். மாமனார் மெல்ல, "வண்டிக்காரன் வந்தான்... கொட்டைய எடுத்துட்டுத்தான் குடுத்தேன்..." என்றார். மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"வாளிய உட்டுடு கண்ணு, இவரத் தூக்கித் தெருவுல போடறன்!"

மறுநாளே மாமனார் பின்ரூம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். நான் சேர்த்துப் பார்த்ததில் இதுவரை சொதப்பாத ஒரே காம்பினேஷன்: உள்ளே நானும் வாளியும், வெளியே மகளும் தாத்தாவும், நடுவில் உள்பக்கமாக இழுத்துப் போட்ட தாழ்ப்பாள்.