கோஷம் கேட்டவருக்கு நெத்திலி கொடுத்தேன்

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். மருமகள் செல்வி செல்போனைக் காதுக்குக் கிட்டே நீட்டினாள். "அத்தே, இது ஒன் கொரலு தானே?"

நான் நம்பவில்லை. இப்போதெல்லாம் யார் குரலை வேண்டுமானாலும் அதிலே செய்துவிடுகிறார்களாம். தடதடவென்று டிரம், பித்தளைக் குழல், நடுவே துள்ளுகிற கீபோர்டு. அதற்குள்ளே ஒருத்தி கூவுகிறாள்: "சங்கரா, காரப்பொடி, நெத்திலீ... துள்ளுது வா!" வைத்திக்குப்பத்தில் நெத்திலியை அப்படி இழுக்கிறவள் நான் ஒருத்திதான். அதிலே எனக்குக் கர்வமும் உண்டு.

கையிலே மீன் வாடை, மூக்கிலே எப்போதோ மோந்த சென்ட் வாடை. அந்துவான் முசியேவின் சென்ட்.

டவுனில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற குடும்பத்துப் பிள்ளை அவர்; அதனால் ஐயா என்பதற்குப் பதில் முசியே. கீபோர்டு வாசிப்பார், ஒரு பாட்டுக் குழுவுக்குத் தலைவர். கேசட் காலத்தில் ஒரு வருஷம், கடல் அரிப்பைத் தடுக்கவென்று எங்கள் கரையில் கல்லைக் கொட்ட ஆரம்பித்திருந்தார்கள். கட்டுமரம் இழுத்துப் போட இடமில்லை, மீன்கூடை வைக்க இடமில்லை. பெண்களெல்லாம் ரோட்டில் உட்கார்ந்தோம். கோஷம் கட்டுவது என் கூட்டாளி அஞ்சலை. நாலு வரி அவள் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம்.

மூன்றாம் நாள் நாங்கள் கரைக்குத் திரும்பியபோது முசியே வந்தார். மணலில் பூட்ஸ், தோளில் டேப் மெஷின். ஜனங்கள் படும் பாட்டையெல்லாம் வைத்துக் கேசட் போடுகிறாராம். மூடின மில்லுக்கு ஒரு பாட்டு, எங்கள் கரைக்கு ஒரு பாட்டு. முன்பு ஒருவன் இப்படித்தான் சிரித்துப் பேசிப் பெயர்களை எழுதிக்கொண்டு போனான். மறுநாள் போலீஸ் வந்தது. சென்ட் போட்டவனுக்கு மீன்கரையில் என்ன வேலை?

அஞ்சலை தொண்டையைக் கனைத்தாள். நான் சட்டென்று அவள் வாயைப் பொத்திவிட்டு, மீன் கூவினேன்.

"அம்மா, ரோட்டுல கோஷம் போட்டீங்களே, அத சொல்லுங்க."

"இதான் முசியே எங்க கோஷம். வேணுன்னா எடுத்துக்க, வேணான்னா நடையக் கட்டு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். அஞ்சலை பிடித்துக்கொண்டாள். "என் பாட்டு ஊரெல்லாம் போயிருக்கும்டி. இப்ப உன் நெத்திலி போவுது!"

"நீ ஸ்டேஷனுக்குப் போறதுக்கு அது மேலு."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. போலீஸ் வரவில்லை, என் சாமர்த்தியம் என்று பீற்றிக்கொண்டேன். கேசட்டும் எங்கள் கண்ணில் படவில்லை. பார்த்தாயா, ஆள் போலிதான் என்றேன்.

இப்போது செல்வி செல்போனைப் பார்த்துப் படித்துச் சொன்னாள்: "அந்தக் காலத்துக் கேசட்டாம். வைத்திக்குப்பத்துப் பெண்களுக்கு நன்றின்னு போட்டிருக்குது அத்தே." நன்றி போட்டால் ஆயிற்றா? அப்போதே ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன? இன்னும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

மறுபடி போடச் சொன்னேன். என் கூவலுக்குச் சற்று முன்னால் யாரோ கனைக்கிறாள். அஞ்சலை. முசியே மெஷினை முன்பே போட்டுவிட்டிருக்கிறார்.

அஞ்சலை போய் ஆறு வருஷம். மணலும் போய்விட்டது, கல்தான் கிடக்கிறது. "கல்லு வந்து குந்திக்கிச்சு, கட்டுமரம் எங்க போகும்?" என்று இரண்டு வரி ஞாபகம் இருக்கிறது. அடுத்த இரண்டில்தான் முள் இருந்தது. அன்று ரோட்டில் உட்கார்ந்தவர்களில் மிச்சமிருக்கும் மூன்று பேரையும் கேட்டுவிட்டேன்; யாருக்கும் வரவில்லை.

"அந்தக் கனைப்போட நிறுத்துடி" என்கிறேன் செல்வியிடம். அங்கே நிறுத்தினால், அடுத்து வாயைத் திறக்கப் போகிறவள் அஞ்சலைதான்.