படிக்கு முக்கால் படி

அதிரசத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா சூரியநெல்லி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா நல்லேப்பிள்ளிக்காரர், வயலும் தென்னந்தோப்பும் உள்ள குடும்பம். தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர், அம்மாவைக் கட்டிக்கொண்டு மலையிலேயே தங்கிவிட்டார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கா வரவில்லை. நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதுதான், பெரியப்பா மகளின் நிச்சயத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். இந்த ஒரு தடவை நல்ல பேர் வாங்கிவிட்டால் இனி வரப்போக இருக்கலாம் என்று அம்மாவுக்கு அவ்வளவு ஆசை. புதுச் சேலைகூட எடுத்தாள், பாவம்.

போய் இறங்கியதும் பெரியம்மா தேனாகப் பேசினாள். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு வெக்கற அதிரசத்தை நீயே சுடு கண்ணு." அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அளவு கேட்டாள். "கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். தராசுக்கு எங்க போறது, படியிலயே அளந்துக்க. மாவு ஒரு படின்னா வெல்லம் முக்கால் படி. எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றா அது? ஈர அரிசியை இடித்துச் சலித்த மாவு பொங்கிப் பூரித்து நிற்கும். படி நிறைந்தாலும் எடை இருக்காது. வெல்லப்பொடி அமுங்கி உட்காரும். எல்லாவற்றையும் கடையில் கிலோவாக வாங்கியே பழகியவளுக்கு அது எங்கே தெரியும்? அப்பாதான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெல்லத்தைத் தட்டிப் பொடித்து, முக்கால் படி அளந்து கொடுத்தார். நான் நடுநடுவே கைவிட்டுத் தின்றுகொண்டிருந்தேன். மூன்று பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

வெல்லம் கூடினால் அதிரசம் எண்ணெயில் நிற்காது. மறுநாள் காலை, பிசைந்து வைத்த மாவைத் தட்டிப் போட்டால், போட்ட வேகத்தில் பிரிந்து கரைந்து சட்டியெல்லாம் கறுப்பு நுரை. சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "தேயிலை கிள்ளுற கைக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்?" என்றாள் பெரியம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு கொஞ்சமும் பதறாமல் உள்ளறைக்குப் போய், தானே முன்கூட்டிச் சுட்டு வைத்திருந்த அதிரசத்தை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். நாசமாய்ப் போனவள்!

அம்மா சட்டியைத் தேய்த்து வைத்துவிட்டுப் பந்திக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அப்பாவோ பந்தியில் அந்த அதிரசத்தைப் பிட்டுத் தின்றபடி, பக்கத்து இலைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு படி மாவுக்கு ஒரு படி வெல்லம் போடோணுமுங்க, அப்பத்தான் நிக்கும். சின்னதுல எங்க ஊட்டுல நாந்தான் அளந்து குடுப்பேன்." தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள். "அப்ப உங்களுக்குத் தெரியும்?"

"அண்ணி சொன்னதுக்கு மேல நான் எப்புடிப் பேசறது?" என்றார் அப்பா.

அம்மா மலை ஏறி முடியும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அளவு தெரியாமல் போனதற்குத்தான் இந்த அழுகை என்று நினைத்து, அவள் மடியில் ஏறி உட்கார்ந்து நான் ஆறுதல் சொன்னேன்: "அப்பாவுக்குத்தான் தெரியுமேம்மா. இனிமே அப்பாகிட்டயே கேட்டுக்கலாம்."