பிள்ளை இல்லை என்று சொல்லப் பழகியவள்

பஃபலோ ரோட்டில் கோவிந்தசாமியின் சாப்பாட்டுக் கடைக்கு மாவரைப்பது மங்களத்தின் வேலை. அது உன் வேலை என்று யாரும் சொல்லவில்லை. புருஷன் வடிவேலு இருமி இருமிச் செத்துப்போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள் காலை, ஊறிய உளுந்து ஒரு வாளி நிறைய ஆட்டுக்கல் பக்கத்தில் இருந்தது. அங்கே வேறு யாரும் இல்லை. மங்களம் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது.

கோவிந்தசாமி வடிவேலுவின் அண்ணன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தம்பி பெண்டாட்டியையும் அவள் மகளையும் கடைக்கு மேல் மாடியில் ஒரு பலகைத் தடுப்புக்குள் வைத்துச் சோறு போட்டார். ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஊர்ல உன் அண்ணன் இருக்கான். நானே கப்பலேத்தி விடுறேன். பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு இங்க தனியா என்ன செய்யப்போற?" என்பார். மங்களம் குழவியை இன்னும் வேகமாகச் சுற்றுவாள். ஒன்பது வயதுக் கண்மணி இங்கிலீஷ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதல். ஊருக்குப் போனால் அந்தப் படிப்பு அத்தோடு சரி. தனக்கென்று ஒரு வேலை கிடைத்தால் மகளோடு இங்கேயே இருந்துவிடலாம், கிடைக்காவிட்டால் கப்பல்தான் என்பது மங்களத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கதை. மாடி முன்னறையில் கிராணியார் விஸ்வலிங்கம் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். ஒரு சனிக்கிழமை பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"இஞ்சை பாருங்கோ, மங்களம். ஒரு வெள்ளைக்காரம்மா நடத்திற பிரசவ ஆஸ்பத்திரி. வார்டு ஆயா வேணுமாம். தமிழ் கதைக்க வேணும், கொஞ்சம் இங்கிலீஷும் தெரிய வேணும். அங்கையே தங்கவேணும்."

"எனக்கு இங்கிலீஷ் எங்கங்கய்யா தெரியும்?"

"உங்கட மகளுக்குத் தெரியுமே." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "கடைசியில ஒண்டு போட்டிருக்கு. 'நோ என்கம்ப்ரன்ஸ்' எண்டு."

"அப்படின்னா?"

"குடும்பப் பொறுப்பு இருக்கக்கூடாது எண்டு. பிள்ளை குட்டி இல்லாத ஆள் வேணுமாம். ஆறு மாசத்துக்குப் பிறகு வேலை நிரந்தரமாகும். அதுக்குப் பிறகு வெளியில அறை எடுத்திருக்க விடுவினம் எண்டு நினைக்கிறன். உங்கட விருப்பம்."

அன்று மாலையே அப்ளிகேஷன் எழுதினார்கள். பெயர், வயது, விதவை என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்த பேனா, பிள்ளைகள் என்ற இடத்தில் காகிதத்தைத் தொடாமல் நின்றது. கிராணியார் நிமிர்ந்து பார்த்தார்.

"போடுங்கய்யா," என்றாள் மங்களம்.

'நில்' என்று போட்டார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். மங்களம் அன்று கற்றுக்கொண்ட முதல் சொல் அதுதான்.

இன்டர்வியூவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது கையில் இரண்டு வாரம் இருந்தது. ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் மங்களம். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கண்மணி பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் இங்கிலீஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்திலேயே அர்த்தமும் எழுதிக் கொடுத்தாள். வேக்கன்சி, காலியிடம். அப்ளிகன்ட், வேலை கேட்கிறவள். எக்ஸ்பீரியன்ஸ், பழக்கம். சேலரி, சம்பளம். குழவி ஒரு சுற்றுச் சுற்ற ஒரு சொல். உளுந்து பொங்கி வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும்.

மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் கண்மணி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். அவள்தான் வெள்ளைக்காரம்மா.

"குட் மார்னிங். சிட் டவுன் ப்ளீஸ்."

"நான் உக்காந்துதானேடி இருக்கேன்."

"அம்மா, இன்டர்வியூல இப்படியெல்லாம் பேசக்கூடாது லா! 'தேங்க்யூ மேடம்' சொல்லு."

"தேங்க்யூ மேடம்."

"எனி எக்ஸ்பீரியன்ஸ்?"

"பத்து வருஷம் உங்கப்பாவோட குப்பை கொட்டின எக்ஸ்பீரியன்ஸ்."

வெள்ளைக்காரம்மா பெட்டியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தாள். கல்லுக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரத்தினம்மாவும் சிரித்தாள். கோவிந்தசாமியின் மனைவி அவள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் பிள்ளையில்லை. இவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே அந்த இரண்டு வாரமும் வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிடுவாள்.

"ஹவ் மெனி சில்ட்ரன்?" என்றாள் கண்மணி.

"ஒன்," என்றாள் மங்களம்.

"தப்பு! ஒரு மார்க் போச்சு. 'நோ சில்ட்ரன், மேடம்.'"

மங்களம் குழவியை நிறுத்தினாள். மாவை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். "நோ... சில்ட்ரன், மேடம்."

"'நோ'வ இழுக்காதேம்மா. யோசிக்கிற மாதிரி இருக்கு. டக்குனு சொல்லணும்."

இழுக்காமல் சொல்ல நாலு நாள் ஆயிற்று. மற்றதெல்லாம் வாயில் வந்துவிட்டது. இது மட்டும் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் ஸ்கூல் விட்டு வந்த கண்மணி பையைக்கூட இறக்கவில்லை. வகுப்பில் இருந்த பெரிய டிக்ஷனரியில் அந்த விளம்பரச் சொல்லைத் தேடிப் பார்த்திருக்கிறாள்.

"என்கம்ப்ரன்ஸ்னா சுமையாம்மா. நடக்கவிடாமத் தடுக்கிற சுமை."

"மூட்டை முடிச்சுக்குச் சொல்றதா இருக்கும்."

"இல்ல. பிள்ளைங்களுக்கும்னு கீழ போட்டிருக்கு." அவள் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஒரு கடினமான சொல்லைத் தானே கண்டுபிடித்த பெருமைதான் இருந்தது. "சரி, சொல்லு. ஹவ் மெனி சில்ட்ரன்?"

"நோ சில்ட்ரன், மேடம்."

"ஹை! பத்துக்குப் பத்து!"

ரத்தினம்மா கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்டர்வியூ அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த வெள்ளைக்காரம்மா, அங்கே எல்லாரும் மேட்ரன் என்று அழைத்தவர், நரைத்த தலையும் சிவந்த முழங்கையுமாக இருந்தார். கேள்விகள் கண்மணி சொன்ன வரிசையில் வரவில்லை. முதலிலேயே, ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்டுவிட்டார். நோட்டில் அது இல்லை. மங்களம் கொஞ்சம் திகைத்து, "ஐ லைக் பேபி, மேடம்," என்றாள். மேட்ரன் சிரித்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மங்களம் டக்கென்று சொன்னாள். மேட்ரன் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாக என்னவோ நீளமாகச் சொன்னார். அதில் 'சாரி' என்ற சொல் மட்டும்தான் மங்களத்துக்குப் புரிந்தது. பிள்ளையில்லாத விதவை என்று அந்த அம்மாள் தனக்காக உண்மையாகவே வருத்தப்படுகிறாள் என்று தெரிந்தபோது, உட்கார்ந்திருந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது.

கண்மணி மாடிப்படியில் காத்திருந்தாள். "கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"டக்குனு சொன்னியா?"

"சொன்னேன். வேலை கிடைச்சிருச்சு."

கண்மணி படியெல்லாம் குதித்து இறங்கிப்போய்க் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

புறப்பட்ட அன்று ரத்தினம்மா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். "ஆறு மாசந்தானே. நான் பாத்துக்கிறேன், நீ போ." பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு மாதம் முடிந்தது. வேலையும் நிரந்தரமானது. வெளியில் தங்குவதற்கு அனுமதி கேட்க ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். மங்களம் அதை வாங்கிவந்து எழுத்துக்கூட்டினாள். அதற்குள் அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் படிக்க வந்திருந்தது. நாலாவது வரியில் 'ரீசன்' என்று இருந்தது. காரணம். பிள்ளை குட்டி இல்லாத விதவைக்குத் தனியறை எதற்கு? உண்மையை எழுதினால் பொய் சொன்னவள் என்று அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். எழுதாவிட்டால் அறை இல்லை. பாரத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு, மதியத்துக்கு மேல் விடுமுறை. அது போதும், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று இருந்துவிட்டாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வராந்தாவில் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே கண்மணி நிற்பதைப் பார்த்தாள். பள்ளிச் சீருடை, கையில் ரிப்போர்ட் கார்டு. வகுப்பில் மறுபடியும் முதல். ஞாயிறுவரை பொறுக்க முடியாமல் தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். மங்களம் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். அதே நேரம் காரிலிருந்து இறங்கிய மேட்ரன் பின்னாலேயே வந்து நின்றார்.

"இந்த அழகான பெண் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

மங்களம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கலாம். "மை ஹஸ்பண்ட் பிரதர் டாட்டர், மேடம்."

கண்மணி அம்மாவைப் பார்த்தாள். ஒரு வினாடிதான். பிறகு மேட்ரன் பக்கம் திரும்பி, அம்மாவுக்கு என்றைக்கும் வராத சுத்தமான இங்கிலீஷில், "ஆமாம் மேடம், என் சித்தியைப் பார்க்க வந்தேன்," என்றாள். மேட்ரன் அவள் தலையைத் தடவி, உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின் எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தார். கண்மணி தேங்க்யூ சொன்னாள். ரிப்போர்ட் கார்டை அவள் காட்டவேயில்லை. நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அதில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் கோவிந்தசாமி கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் கண்மணி கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. கோபப்பட்டிருந்தால் மங்களம் சமாதானம் சொல்லியிருப்பாள். "அன்னிக்கு வேற வழியில்லடி," என்று ஒருமுறை ஆரம்பித்தாள். "தெரியும்மா," என்று சொல்லிவிட்டுக் கண்மணி பாடத்தைப் படித்தாள். நீ, வா, போ என்றிருந்தது மெல்ல நீங்க, வாங்க ஆயிற்று. ஒரு தீபாவளிக்கு மங்களம் பாவாடை எடுத்துக்கொண்டு போனாள். இடுப்பு இரண்டு அங்குலம் சிறிதாக இருந்தது. ரத்தினம்மா கேட்காமலே பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். பிள்ளையின் அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது.

அறுபத்தொன்றாம் வருஷம் மேட்ரன் சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், நர்ஸ்களுக்கு இடம் போதவில்லை, ஆயாக்கள் எல்லாரும் வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். காரணம் ஏதும் கேட்கவில்லை. மங்களம் அன்று மத்தியானமே சந்தர் ரோட்டில் ஒரு அறை பிடித்தாள். சன்னல் தெருப்பக்கம். இரண்டு பாய், ஒரு அடுப்பு, கண்மணிக்கு எழுத ஒரு மேசை. மேசையைச் சன்னலோரம் போட்டு, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்து இருமுறை நகர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பஃபலோ ரோட்டுக்குப் போனபோது ரத்தினம்மா கதவருகிலேயே நின்றாள். விஷயம் முன்பே தெரிந்திருந்தது. "கூட்டிட்டுப் போ, மங்களம். நான் குறுக்க நிக்கல. உன் பிள்ளை," என்றாள். மூக்கு சிவந்திருந்தது. உள்ளே அடுப்பில் என்னவோ தீய்கிற வாசனை வந்தும் அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனாள்.

பலகைத் தடுப்புக்குள் கண்மணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. முழங்கை எலும்பு அப்படியே வடிவேலுவினுடையது. மங்களம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ம ரூம்ல சன்னல் பெரிசு. ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். மேசை ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன்."

"பெரியம்மாவுக்கு ராத்திரியில கால் வலிக்குது," என்றாள் கண்மணி. "நான்தான் தைலம் தேச்சு விடுறேன்."

"நாம தினம் வந்து பாத்துட்டுப் போலாம்டி. பக்கத்துலதான இருக்குது."

கண்மணி ஒரு ரவிக்கையின் கையை உள்பக்கம் மடித்தாள். அது ரத்தினம்மாவுடையது. மடிப்பு சரியாக வரவில்லை என்று உதறி மறுபடி மடித்தாள்.

"நான் உன்னய விட்டுட்டுப் போனதா நெனைக்கிறியா?"

"இல்லம்மா. அப்படியெல்லாம் இல்ல." அவள் குரலில் பொய் இல்லை. அதுதான் மங்களத்துக்குத் தாங்கவில்லை. விருந்தாளிக்குச் சொல்கிற மரியாதையோடு அந்தப் பெண் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்ப வா. இன்னிக்கே வரணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை நல்ல நாள். லீவு சொல்லிட்டு நானே டிரைஷா வண்டி வெச்சுக்கிட்டு வரேன். வெள்ளிக்கிழமை வர்றியா, கண்ணு?"

கண்மணி மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பெரியப்பாவின் வேட்டி, பெரியம்மாவின் சேலை, மேலே தன்னுடைய சீருடை. அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். திரைத்துணியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, பெரியம்மாவின் அலமாரி இருந்த பக்கத்து அறைக்குப் போனாள்.