தங்கக் கோடு போட்ட பீங்கான் பொம்மை

தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் அதில் தங்கம் எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்போம். தங்கத்தைத் தோண்டிச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டுக் கேழ்வரகுக் களி தின்கிற ஜனங்களுக்கு வேறு எந்தக் கணக்கு வரும்? என் அம்மாவின் பீங்கான் பொம்மை கெட்டதும் இந்த வியாதியால்தான்.

அம்மா ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தாள். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, துரைசாணி கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக அந்தப் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு சாண் உயரம். குடை பிடித்த வெள்ளைக்காரி. பாவாடை விளிம்பில் மூன்று சுற்றுத் தங்கக் கோடு. ரொம்ப விலை உயர்ந்தது, பத்திரம் என்றாளாம். அம்மா அதைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். நான் கேட்டு அழுதபோதெல்லாம் முதுகில் இரண்டு விழும், பொம்மை வராது.

அப்பா சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிறவர். கல்தூசி மார்பில் இறங்கி, அந்த வருஷம் நாலு எட்டு நடந்தாலே உட்கார்ந்துவிடுவார். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஒருவேளை பிழைக்கலாம் என்று கம்பவுண்டர் சொன்னார். ரயிலுக்கும் அங்கே தங்குவதற்கும் பணம் வேண்டும். அம்மா அரிசிப் பானையைத் திறந்தாள்.

விலை மதிக்க வந்தவர் என் தாய்மாமா. கல் இடிக்கும் மில்லில் வேலை பார்த்தவர்; தன்னைக் கேட்காமல் பூமியில் தங்கமே விளையாது என்ற நினைப்பு அவருக்கு. பொம்மையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார், சுண்டிப் பார்த்தார், தங்கக் கோட்டை நாக்கால் தொட்டும் பார்த்தார்.

"அக்கா, இது அசல் தங்கம். மண்ணு பொம்மைக்கு எவன் துட்டு குடுப்பான்? தங்கத்தத் தனியா எடுத்துட்டா மாமாவ நாளைக்கே ரயில் ஏத்திடலாம்."

அம்மா தயங்கினாள். உள்ளே அப்பா இருமினார். தயக்கம் அத்தோடு தீர்ந்தது.

மாமா பேனாக்கத்தியால் சுரண்டத் தொடங்கினார். காலையில் உட்கார்ந்தவர் வெயில் உச்சிக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தார். வெற்றிலையில் ஏந்திய தூள் ஓர் எறும்பு சுமக்கிற அளவுதான் இருந்தது. அதையும் எந்த ஆசாரியும் தொடமாட்டார். சுரங்கத்து ஆள் தங்கத்தூள் கொண்டுவந்தால் திருட்டுத் தங்கம் என்று போலீஸ் வந்துவிடும். மாமா வெற்றிலையைக் கழுவிப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

பொம்மையாவது இருக்கிறதே என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, துரைமார் விட்டுப்போகும் சாமான்களை வாங்கி விற்கிற கடைக்கு நடந்தாள். கடைக்காரர் பொம்மையைக் கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அதே குடை, அதே சிரிப்பு. ஏழு வெள்ளைக்காரிகள் வரிசையாக நின்றார்கள். சீமையில் ஒரே அச்சில் வார்த்து, வைக்கோல் வைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள், ஒன்று எட்டணா என்றார்.

"தங்கக் கோடு போட்டுகீறதாலதான் இத வாங்கறாங்க. இத்த யாரும்மா சொரண்டினது?"

அம்மா நாலணா தரச் சொன்னாள், பிறகு இரண்டணா. அவர் பொம்மையை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எட்டணாவே கிடைத்திருந்தாலும் அப்பா மதராஸ் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். ஆனாலும் அம்மா சாகும்வரை அந்தப் பேனாக்கத்தியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் சுரங்கக் கழிவு மேட்டின் அடியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு பொம்மையை என் கையில் திணித்தாள். வாழ்க்கையில் அதற்குமுன் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வீடுவரை குதித்துக்கொண்டே போனேன்.

அப்பா வாசலில் குந்தியிருந்தார். என் கையில் பொம்மையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், அவள் உள்ளே போய்விட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டுத் தன் துண்டால் பொம்மையின் முகத்தைத் துடைத்தார்.

"உனுக்கே குடுத்துட்டாளா? வெச்சிக்கினு ஆடு, கண்ணு."

அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பாவே சம்மதித்துவிட்டார் என்று நான் லைன் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.