ஸ்டெல்லாவுக்கு வாசித்த ஓலை

டப்ளினில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டில் மார்த்தாவும் கானரும் அடுப்படியிலேயே முத்தமிட்டுக்கொள்கிறார்கள். என் சோறு வேகும்வரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நான்தான் கூரையைப் பார்க்கிறேன். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கல்யாணம் எப்போது?" என்று கேட்டுவிட்டேன். "யாருக்கு?" என்றாள் மார்த்தா ஆவலாக. யாரோ என்னை விருந்துக்கு அழைத்திருப்பதாக நினைத்துவிட்டாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், லில்லி அக்காவின் விடுதியில், ஒரு காதலை ஒளித்துவைக்க நாங்கள் பட்ட பாடு இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது! மாடியில் பெண்கள், கீழே ஆண்கள், சாப்பாடு மட்டும் ஒரே கூடத்தில். என் அறைத்தோழி ஸ்டெல்லா ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். கீழ் அறைப் பழனிச்சாமி சேந்தமங்கலத்துக்காரர், லாரி மெக்கானிக். சாம்பார் வாளியை நகர்த்துகிற சாக்கில் இருவரும் பேசிக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெல்லாவின் அப்பாவுக்குத்தான் தெரியாது. அவர் தம் ஊரிலேயே மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார். இவள் என்னிடம் அழுதாளே தவிர, அவரிடம் வாய் திறக்கவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். மணமக்கள் பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தால் அறிவிக்கும்படி சாமியார் கேட்பார். இருந்தால் பூசை முடிந்து காதோடு சொல்வதுதான் வழக்கம். முதல் ஓலைக்கு விடுதியே கிளம்பி அவள் ஊருக்குப் போனோம். எங்கள் வழக்கம் அறியாத பழனிச்சாமி, கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும் என்று எழுந்துவிட்டார். "ஏனுங்க சாமி, நானேதானுங்க தடை." கோயிலே திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாவும் எழுந்தாள். "நெசந்தாங்க ஃபாதர்." அந்தக் கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை.

அதன்பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். வேற்று மதத்தவரை மணக்க ஆயரிடம் அனுமதி வாங்கி, போன ஞாயிறு மாலைப் பூசையில், அதே கோயிலில் ஸ்டெல்லாவுக்கும் பழனிச்சாமிக்கும் ஓலை. "அப்பா எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாருன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாங்க்கா" என்று ஸ்டெல்லா என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். எனக்குக் கேட்கும்படி லில்லி அக்கா அங்கிருந்து போனைத் திறந்தே வைத்திருந்தார். இங்கே மதியம். பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார்கள். பிறகு சத்தமே இல்லை. என் காது அந்தக் கோயிலில் இருந்தது, கால் டப்ளின் தரையில் சில்லிட்டது.

"அவங்கப்பா உக்காந்தே இருக்காரு கண்ணு," என்று லில்லி அக்கா கிசுகிசுத்தார். "தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்தே இருக்காரு."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். மார்த்தா பதறி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, யார் இறந்துபோனார்கள் என்று கேட்டாள்.